‘நாம்’ என்னும் சொல்



ஐ.பி.எல். போட்டிகள் நடைபெறும் நாட்களில் நமது வரதராஜன்பேட்டைத் தெருக்களில், “நேத்து நாம ஜெயிச்சுட்டோம்” என்னும் பேச்சை அடிக்கடி கேட்கலாம். சொல்பவர் சேப்பாக்கம் மைதானத்துக்குள் காலடி வைத்திராதவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் ‘அவர்கள்’ என்று சொல்வதில்லை, ‘நாம்’ என்கிறார்.

இந்தச் சொல் வெற்றி நாளுக்கு மட்டும் உரியதன்று. 2013ஆம் ஆண்டின் சூதாட்ட விவகாரத்தை விசாரித்த நீதிபதி லோதா குழுவின் தீர்ப்பினால், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் விளையாட இயலாமற்போனது. 2018இல் அணி திரும்பி வந்தபோது, காவிரிப் போராட்டங்களின் காரணமாகச் சென்னையில் ஒரே ஒரு போட்டி நடந்தது. மற்றவை புனேக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள், அணி நிர்வாகம் ஏற்பாடு செய்த சிறப்பு ரயிலில் புனேக்கே சென்றார்கள். அவ்வாண்டு கோப்பை கிடைத்தது. 2025இல் அதே அணி புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்துக்கு இறங்கியது. அப்பொழுதும் ரசிகர்கள், “நாம் தோற்றுவிட்டோம்” என்றே வருந்தினார்கள்.

பிரியமானவர்களே, நாம் சபையைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? பண்டிகை ஆராதனை சிறப்பாக நடந்தால் ‘எங்கள் சபை’. பொறுப்பாளர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தாலோ, கணக்கில் குழப்பம் வந்தாலோ, “உங்கள் சபையில் என்ன நடக்கிறது, ஐயா?” என்று போதகரையே கேட்கிறோம். சிலர் சொல்லாமலே விலகிவிடுகிறார்கள். கூடிவருதலை விட்டுவிடும் வழக்கம் அக்காலத்திலேயே சிலருக்கு இருந்தது என்பதை எபிரெயர் 10:25 நமக்குக் காட்டுகிறது.

அப்படியானால் சபையின் குற்றங்களை மூடிமறைக்க வேண்டுமா? ஒருக்காலும் இல்லை. கொரிந்து சபையில் பிரிவினை இருந்தது, வழக்கு இருந்தது, வெட்கத்துக்குரிய பாவமும் இருந்தது. பவுல் ஒன்றையும் மறைக்காமல் கடிந்துகொண்டார். ஆயினும் அதே நிருபத்தில் அவர்களைக் கிறிஸ்துவின் சரீரம் என்று அழைக்கிறார் (1 கொரிந்தியர் 12:27). கண்டித்தவரும் அவரே, கைவிடாதவரும் அவரே.

தானியேல் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். உத்தமனாய் வாழ்ந்த அந்தப் பக்தன், எருசலேமின் பாழான நிலையை நினைத்து உபவாசித்து ஜெபிக்கும்போது, ‘அவர்கள் பாவம் செய்தார்கள்’ என்று சொல்லவில்லை. தன்னையும் மக்களோடு சேர்த்தே அறிக்கையிடுகிறான். ரசிகனின் ‘நாம்’ தோல்வி வரையில் வருகிறது. தானியேலின் ‘நாங்கள்’ குற்றத்தின் பாரத்தையும் சுமக்கிறது. சபையில் ஒருவன் உறுப்பினன் என்பதற்கு, பதிவேட்டில் உள்ள பெயரைவிட இதுவே உண்மையான அடையாளம் என்பது என் கருத்து.

ஆனால் ரசிகனிடம் நாம் கற்றுக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அவன் கொண்டாடும் வீரருக்கு அவன் பெயர் தெரியாது. அவன் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் பார்வையாளனாகவே இருக்கிறான். நம் மேய்ப்பரோ நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் (யோவான் 10:3). அவருடைய சபையில் பார்வையாளர் வரிசை கிடையாது. ஒவ்வொருவரும் ஓர் அவயவம். கண் தெரியாத மூதாட்டியின் ஜெபமும், ஆராதனைக்கு முன் பாய் விரிக்கும் சிறுவனின் கைகளும் சரீரத்துக்குத் தேவையானவை.

ஆகவே வருகிற ஞாயிறன்று, உங்கள் அருகில் வழக்கமாக அமர்ந்தவர் வராதிருந்தால், ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். குற்றம் விசாரிக்கச் செல்லாதீர்கள். அவர் சபையினால் காயப்பட்டிருக்கக்கூடும். முதலில் அமைதியாய்க் கேளுங்கள். அவர் சொல்லும் குறை நியாயமானால், “அது அவர்கள் செய்தது” என்று தப்பித்துக்கொள்ளாமல், “நாம் தவறிவிட்டோம்; சேர்ந்து சரிசெய்வோம்” என்று சொல்லுங்கள். நூறு பிரசங்கங்கள் அழைத்துவர முடியாத ஒருவரை அந்த ஒரு சொல் அழைத்துவரக்கூடும்.

கர்த்தர் தாமே நம் அனைவரையும் ஒரே சரீரமாய்க் கட்டி எழுப்புவாராக. ஆமென்.