சுவிட்சர்லாந்துக்குச் செல்லுமுன் ஸ்ரீரங்கப்பட்டணம்

கோடை விடுமுறை நெருங்கும்போது மைசூருவின் நடுத்தரக் குடும்பங்களிலும் இப்போது ஐரோப்பாப் பயணம் பற்றிய பேச்சு எழுகிறது. பத்து நாள்களில் ஏழு நாடுகளைக் காட்டுவதாக அழைக்கும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டுச் சென்று, பேருந்தின் சாளரம் வழியே நாடுகளைக் கடந்து திரும்புவோர் பலர். அவர்களிடம் எஞ்சுவன சில புகைப்படங்களே. அதைவிட, சிறிய நாடு ஒன்றைத் தேர்ந்து, அதனை முன்னரே அறிந்துகொண்டு, நிதானமாகச் சென்று வருவதே நம் பணத்துக்கு உரிய மதிப்பைத் தரும் என்பது என் கருத்து.

நம்மவர் பெரிதும் விரும்பும் சுவிட்சர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு சுமார் 41,000 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தின் கால் பங்குக்கும் குறைவு. திரைப்படப் பாடல்கள் நமக்குக் காட்டியது அதன் பனிமலைகளை மட்டுமே. ஆனால் அந்நாட்டை அறிவதற்கான முதல் ஏடு நம் வீட்டருகிலேயே, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

அங்குள்ள கல்லறைகளில் பல, டி மியூரான் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களுடையவை. இன்றைய சுவிட்சர்லாந்தின் மேற்கில் உள்ள நூஷாடெல் பகுதியைச் சேர்ந்த சார்ல்ஸ் டேனியல் டி மியூரான், 1781இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்துக்காக இப்படையைத் திரட்டினார். இலங்கையில் பணியாற்றிய இப்படை 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் பங்கேற்றது. சுவிஸ் மக்களோடு பிற ஐரோப்பியரும் இதில் இருந்தனர். போரிலும் நோயிலும் மாண்டவர்கள் தம் ஊரை மீண்டும் காணாமலே இம்மண்ணில் உறங்குகின்றனர்.

அவர்கள் ஏன் இத்தனை தொலைவு வந்தனர்? இக்கேள்விதான் அந்நாட்டின் கதவைத் திறக்கும் திறவுகோல். விளைநிலம் குறைந்த மலைநாட்டில் பிழைப்புக்கு வழியற்ற இளைஞர்கள், பல நூற்றாண்டுகளாகப் பிற நாட்டு மன்னர்களுக்குக் கூலிப் படையினராகச் சென்றனர். 1859இல் அந்நாட்டுச் சட்டம் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. இன்று வாட்டிகனில் போப்பாண்டவரைக் காக்கும் சுவிஸ் காவலர்கள் அதன் எச்சம். நாம் வியந்து நோக்கும் செல்வம் அந்நாட்டுக்கு என்றும் இருந்ததன்று என்பதை இக்கல்லறைகள் சொல்கின்றன. இதை அறிந்து செல்பவர் தாழ்வு மனப்பான்மையோடும் செல்லமாட்டார். வெற்று வியப்போடும் திரும்பமாட்டார்.

இன்னும் சிலவற்றையும் அறிந்துகொள்ளலாம். அங்கு 26 மாநிலங்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என நான்கு தேசிய மொழிகள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்த்து, 100 நாள்களுக்குள் 50,000 குடிமக்கள் கையொப்பமிட்டால், அது மக்கள் வாக்குக்கு விடப்படும். எனினும் கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். நம் நாட்டுப் பெண்கள் 1952 முதல் பொதுத்தேர்தலிலேயே வாக்களித்துவிட்டனர். நமக்கு நெருக்கமான மற்றொரு செய்தியும் உண்டு. இலங்கைப் போரால் இடம்பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் அங்கு வேரூன்றியுள்ளனர். தலைநகர் பெர்னில் பல சமயத்தவர் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இல்லத்தில், தமிழில் வழிபாடு நடைபெறும் சைவக் கோயிலும் உள்ளது.

நடைமுறை அறிவும் இத்தகைய ஆயத்தத்தின் பகுதியே. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அங்குப் புழங்கும் நாணயம் சுவிஸ் பிராங்க், யூரோ அன்று. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள் அடங்குவதால் ஷெங்கன் விசாவே போதும். அதற்கு, குறைந்தது 30,000 யூரோ மதிப்பில் பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். அயல்நாட்டுச் செலாவணி அட்டை பெறும்போது எந்த நாணயத்தில் பணம் ஏற்றுகிறோம் என்பதைக் கவனித்தால், மாற்றுக் கட்டணம் வீணாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். குழாய் நீரை அப்படியே அருந்தலாம் என்பதால், விலை மிகுந்த அந்நாட்டில் குடிநீருக்குச் செலவிட வேண்டியதில்லை.

இவ்வாறு அறிந்தவர், பனிமலையைக் கண்ட பின் நூஷாடெல் நகருக்கும் ஒரு நாள் ஒதுக்குவார். அங்குள்ள இனவரைவியல் அருங்காட்சியகம், சார்ல்ஸ் டேனியல் டி மியூரான் தம் சேகரிப்பை 1795இல் அந்நகருக்கு வழங்கியதிலிருந்து தோன்றியது. காவிரிக் கரையில் தொடங்கிய கதையின் மறுமுனையை ஓர் ஏரிக்கரையில் காண்பது, எந்தச் சுற்றுலாத் தொகுப்பிலும் கிடைக்காத அனுபவம்.

பயணத்துக்குப் பணம் சேர்க்க நாம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். செல்லவிருக்கும் நாட்டை அறிய அதில் ஒரு மாதத்தை ஒதுக்கலாமே! அந்த ஆயத்தத்தைத் தொடங்க விசாவும் வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும் பேருந்துக் கட்டணமே போதும்.