பையைக் காட்டுவோம், பிள்ளையைக் காட்ட வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நலன்புரிச் சங்கங்களில் இருக்கும் உறவுகள் கடைசி வரை வாசித்து விடுங்கள்.

எங்கள் ஊர் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தில் முன்பெல்லாம் மௌத்துச் செய்தி வந்தால் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பிறகு இரண்டு பேர் சைக்கிளில் வீடு வீடாகப் போவார்கள். இன்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். கபன் எடுப்பவர், கபுறு வெட்டும் இளைஞர்கள், கட்டாரில் வேலை செய்யும் மகன் என எல்லோருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். சந்தா கட்டாமல் ஒதுங்கி நின்ற வாலிபர்கள் பலர் எங்கள் முகநூல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் சேர்ந்தார்கள். ஆகவே "சங்கத்துக்கு எதுக்கு முகநூல்?" என்று கேட்கும் பெரியவர்களோடு நாங்கள் உடன்படவில்லை.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தவணை தொடங்கும்போது தந்தையை இழந்த பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் அப்பியாசக் கொப்பிகளும் கொடுத்தோம். நல்ல வேலை. கொடுக்கும்போது வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்துப் பக்கத்தில் போட்டோம். நிறைய விருப்பங்கள், "மாஷா அல்லாஹ்" கருத்துகள். எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

சங்கத்தில் ஆசிரியர்களும் இருக்கிறோம். வகுப்பில் நடந்ததை நாங்கள்தான் கண்டோம். ஒரு பிள்ளை அந்தப் புதுப் பையை விட்டுவிட்டு, கொப்பிகளைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "சங்கத்துப் பை" என்று வகுப்பில் பட்டம் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் விசாரித்தபோது தாய் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த லிஸ்ட்ல எங்கட பேரப் போடாதீங்க சேர். புள்ள அழுகுது."

உதவி தேவைப்படும் ஒரு குடும்பம் சங்கத்தை விட்டு விலக நினைக்கிறது. விரட்டியது வறுமையல்ல, எங்கள் படம். ஸதகாவை மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை மிம்பரில் எத்தனையோ முறை கேட்ட நாம்தான் இதைச் செய்தோம்.

"படம் போடாவிட்டால் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புபவர்கள் நம்பமாட்டார்களே" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளையின் முகம் கணக்கு ஆகாது. பத்துப் பிள்ளைகளின் படம் போட்டாலும் எத்தனை ரூபா வந்தது, எத்தனை ரூபா செலவானது என்று அதில் தெரியாது. நம்பிக்கை வேண்டுமென்றால் மாதாந்தக் கணக்கைப் போடுவோம். வரவு, செலவு, மீதி, உதவி பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை. பெயர் வேண்டாம். கடைப் பற்றுச்சீட்டைப் போடுவோம். அடுக்கி வைத்த பைகளைப் படமெடுப்போம். திருத்திய சந்தூக்கை, துப்புரவாக்கிய மையவாடியைக் காட்டுவோம். சந்தேகம் உள்ளவர் பொருளாளரிடம் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்க்கட்டும்.

வட்ஸ்அப் குழுவிலும் ஒழுங்கு தேவை. நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துக்கொள்ளலாம். அரசியல், வியாபாரம், "வந்தபடி பகிரப்பட்டது" வகையறாக்களுக்கு நடுவில் ஒரு ஜனாஸா அறிவித்தல் காணாமல் போகக் கூடாது. இரத்தம் தேவை என்ற செய்தியில் நோயாளியின் நோய் விபரத்தை முழுதாக எழுதத் தேவையில்லை. அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கப் பட்டியல் பொதுப் பக்கத்துக்கு வரவே கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அமானிதம்.

இன்னொன்று. பழைய பதிவுக் கொப்பியை வீசிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது நினைவிருக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கினார்கள். மௌத்து அதற்காகக் காத்திருக்காது. அன்று எங்களுக்குக் கைகொடுத்தது செயலாளரின் மடங்கிப்போன கொப்பியும் அதே சைக்கிளும்தான்.

அந்தப் படங்களை எல்லாம் நீக்கிவிட்டோம். தாயிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டோம். பட்டியலில் இருந்து அவர்களின் பெயரை எடுக்கவில்லை. அடுத்த தவணைக்கான பொருட்கள் இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கே போகும். கொண்டுபோவது யார் என்று பக்கத்தில் வராது.

உங்கள் ஊர்ச் சங்கப் பக்கத்தை இன்றிரவு ஒருமுறை கீழே வரை பாருங்கள். அங்கே ஒரு பிள்ளை பையோடு தலைகுனிந்து நின்றால், அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். சங்கத்துக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுவாக இருக்கும்.