யாருடைய கவனக்குறைவு?

‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ செய்தித்தாளின் மூலையில் இந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுவாயைத் தேடுகிறேன். தாக்கியது வாயு. சரி, இறக்கிவிட்டவன் எங்கே? அவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. மறுநாள் காண்ட்ராக்டர் வாய் திறப்பார்: ‘இறங்காதேன்னு சொன்னேன், கேக்கல.’ ‘குடிச்சிருந்தான்.’ ‘மாஸ்க் போடல.’ ஆக, செத்தவனே குற்றவாளி.

நிர்வாகம் இதற்கு வைத்திருக்கும் மரியாதையான பெயர் ‘மனிதத் தவறு’. விமானம் விழுந்தாலும் ஆலை வெடித்தாலும் இதே சொல்தான். ஆனால் அங்கே இந்தச் சொல்லைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் மனிதத் தவறு பற்றி ஒரு நூல் எழுதினார். கடைசியாகக் கை வைத்தவனின் பிழை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே மேலிடத்தில் எடுத்த முடிவுகளோ கண்ணில் படாமல் காத்துக்கிடக்கின்றன என்பது அவர் வாதம்.

இதைப் பாதாளச் சாக்கடைக்குள் வைத்துப் பார்ப்போம். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு’ என்று நினைக்கிற நேரம்தான் சாவு நெருங்குகிற நேரம். காற்றைவிடக் கனமானது, அடியிலே தங்கும். மூடியைத் திறந்துவைத்து, தீக்குச்சி கொளுத்திப் பார்த்து இறங்கினாலும், சேற்றைக் கிளறியதும் உள்ளே அடைபட்ட வாயு கிளம்பும். மீத்தேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே எமன். எவ்வளவு கவனமா இருந்தாலும் மூக்கும் கண்ணும் இதைக் கண்டுபிடிக்காது. வாயு அளக்கும் கருவியை வாங்காதவன் செய்தது தவறா, மூச்சு இழுத்தவன் செய்தது தவறா? அவனைத் தூக்கக் குதித்த தம்பியோ மச்சானோ செய்ததுதான் தவறா? மேலே முக்காலியும் கப்பியும் கயிறும் இருந்திருந்தால் அவன் எதுக்குக் குதிக்கணும்?

பாதுகாப்பு அறிவியலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே ஒழி. முடியாவிட்டால் எந்திரத்தை இறக்கு. முகமூடி கடைசி. நம் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதைத்தான் ‘அபாயகரமான சுத்தம்’ என்று வரையறுத்துத் தடை செய்கிறது. அதாவது கடைசியிலிருந்து தொடங்குகிறது. கருவி தந்தால் இறக்கலாம் என்று கதவு திறந்தே கிடக்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தர 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை கூடியது நல்லதுதான். ஆனால் நிவாரணம் செத்த பிறகு வருவது. எந்திரம் சாகும் முன்னே வரவேண்டியது.

அது ஏன் வரவில்லை? எந்திரத்தைவிட மலிவாக ஒரு உடம்பு கிடைக்கிறது. அந்த உடம்புக்கு விலை வைத்தது சாதி. ரீசன் சொல்லும் மறைந்த காரணங்களின் பட்டியலில் முதல் வரியாக இதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

தோழர்களே, மாணவர்களே, அடுத்த சாவுச் செய்தி வந்தால் மாலையோடு மட்டும் போகாதீர்கள். நோட்டும் பேனாவுமாகப் போங்கள். வேலையை யார் கொடுத்தது? எந்திரத்துக்கு ஒப்பந்தத்தில் பணம் இருந்ததா? வாயுவை யார் அளந்தது? மேலே யார் நின்றது? எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த விடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி உட்காருங்கள்.

தவறு குழிக்குள் நடக்கவில்லை. அது மேசையில் நடந்தது.