காசும் காசமும்

காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் எடுத்துரைத்தார். அதுகாறும் ஊழ்வினை என்றும் குலவழி நோய் என்றும் கருதப்பட்ட ஒன்று, சளியிற் கண்டறியத்தக்க பகையாயிற்று. இன்றோ, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அப்பகையை இனங்கண்டு கூறும் கருவிகளும் வந்துவிட்டன. அங்ஙனமிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் 1 கோடியே 7 லட்சம் மக்கள் இந்நோயுற்றனர். 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். நோயுற்றோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம் நாட்டினர். அறிவு வளர்ந்தும் நோய் ஒழியாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம். அது, சோதனைக்காக நோயாளி கொடுக்கும் காசு.

மருந்துக்குக் கொடுக்கும் விலை வேறு; சோதனைக்குக் கொடுக்கும் கட்டணம் வேறு. நோய் இன்னதென்று அறிந்தவன் கடன்பட்டேனும் மருந்து வாங்குவான். இருமுகிறவனோ தனக்கு நோய் உண்டென்றே அறியான். காசநோய், வாந்திபேதி போல ஒரே இரவில் ஆளை வீழ்த்துவதன்று; மாலைதோறும் சிறு காய்ச்சல், சற்றே உடல் மெலிவு, விடாத இருமல் என மெல்ல மெல்ல வருவது. அந்நிலையில் கட்டணம் கேட்பது, வெறும் ஐயத்தின்மேல் அரிசிக்காசைப் பணயம் வைக்கச் சொல்வதாகும். நோய் இல்லை என்று விடை வந்தால் காசு வீண். உண்டென்று வந்தால் வேலை போகுமோ என்னும் அச்சம். இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் கூலியாள், 'இன்னும் பத்து நாள் பார்ப்போம்' என்று திரும்பிவிடுவதில் வியப்பென்ன?

'அரசினர் மருத்துவமனையில் சளிச் சோதனையும் மருந்தும் இலவசமாயிற்றே' என்பார் உளர். உண்மையே. ஆயினும் ஏழை முதலில் நாடுவது, பெரும்பாலும், தெருமுனை மருந்துக்கடையையும் மாலையில் திறந்திருக்கும் தனியார் மருத்துவரையுமே. பகற்கூலியை இழவாமல் செல்லத்தக்க இடங்கள் அவை. நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த கட்டுரையொன்று, நோய் தெளிவாகுமுன் ஒருவர் சராசரியாக ஏறக்குறைய மூன்று மருத்துவரிடம் செல்கின்றார் என்றும், நோய்க்குறி தோன்றியது முதல் சிகிச்சை தொடங்கும்வரை ஏறக்குறைய 55 நாள் கழிகின்றன என்றும் காட்டிற்று. செல்லுமிடமெல்லாம் கட்டணம், செல்லுமிடமெல்லாம் புதிய சோதனை. இந்நோயை அறியப் பயன்படாத ஒருவகை இரத்தச் சோதனைகூட நெடுநாள் விற்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டில்தான் இந்திய அரசால் தடை செய்யப்பட்டது.

இலவசச் சோதனைக்கும் மறைவிலை உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டின் தலைநகராகிய லிலாங்வேயில், காசநோய்ச் சேவை இலவசமாக இருந்தபோதே, நோயை அறிந்துகொள்வதற்குள் நோயாளிகள் சராசரியாக 18 நாள் வருமானத்தைச் செலவிட்டு, 22 நாள் வேலையையும் இழந்தனர் என்று 2007-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. வண்டிச் சத்தமும் இழந்த கூலியும் கட்டணமல்லாமல் வேறென்ன?

'இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதியார். கட்டணமின்றி மருத்துவமனை நடத்தலும் இயலாது' என்று கூறுவோரும் உளர். பின்னது எளிதில் தள்ளத்தக்க கூற்றன்று. மிஷன் மருத்துவமனைகள் பல, வசதியுள்ளோர் தரும் கட்டணத்தைக் கொண்டே வறியோரைப் பேணி வருகின்றன. அவற்றின் வருவாயை அடைத்துவிடுதல் முறையன்று. ஆனால் சோதனையின் பயன் யாருக்கு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிகிச்சை பெறாத நுரையீரற் காசநோயாளி ஒருவரிடமிருந்து ஓராண்டில் 5 முதல் 15 பேர் வரை தொற்றடையக்கூடும். ஆகவே ஒருவன் சளியைச் சோதித்தலால் அவன் மட்டுமின்றி, அவன் மனையாளும் மக்களும், அவனோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்வோரும் காக்கப்படுகின்றனர். தீயணைக்க வந்தவர் எரியும் வீட்டுக்காரனிடம் கூலி பேசி நிற்பதில்லை. விட்டால் தெரு முழுதும் வேகும் என்பதை அவர் அறிவார். பயன் ஊருக்கென்றால் விலையும் ஊரினதே.

மருத்துவம் நோயாளியிடம் செல்லல் வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்த நகரம் நம் சென்னையே. 1956-இல் இங்குத் தொடங்கிய ஆராய்ச்சி, காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பேணினாலும், அவன் எளிய இல்லத்திலேயே மருந்தளித்துப் பேணினாலும், குணமாவதில் பெரும் வேறுபாடில்லை என்று 1959-இல் காட்டிற்று. மருந்துக்குச் செய்ததைச் சோதனைக்கும் செய்தல் வேண்டாவா? ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்த அரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது, போற்றத்தக்கதே. ஆயினும் அத்தொகை நோய் உறுதிப்பட்டபின் வருவது. அதற்கு முந்திய நாட்களில் கடன்பட்டவனுக்குக் கைகொடுப்பார் யார்?

எனவே மூன்று செயல்கள் வேண்டும். தனியார் மருத்துவரிடத்தும் மிஷன் மருத்துவமனைகளிலும் செய்யப்படும் காசநோய்ச் சோதனைக்கு அரசே விலை கொடுத்தல் வேண்டும். சில இடங்களில் நடைபெறும் இம்முறை எங்கும் பரவுதல் நன்று. சோதனைக்கு வரும் ஏழைக்கு, விடை எதுவாயினும், வண்டிச் சத்தமும் அரைநாட் கூலியும் அளித்தல் வேண்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சளியைப் பெற்றுக்கொள்ளும் இடங்கள் அமைதல் வேண்டும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை எண்ணினார் வள்ளுவர். நோயாளிக்குக் குறைவில்லை, மருத்துவனும் மருந்தும் நம் நாட்டில் உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவராகிய நாம், நெடுநாள் இருமும் அயலாரை இலவசச் சோதனைக்கு அழைத்துச் சென்றாலே, நான்காம் உறுப்பு ஒருவாறு நிறைவுறும். எஞ்சியதை நிறைவு செய்தல் அரசின் கடன்.