கட்டியக்காரன் கணக்கில் வராத ஒன்றரை மணி நேரம்

'நாய்சஸ் ஆஃப்'னு ஒரு ஆங்கில நாடகம். மைக்கேல் ஃப்ரெய்ன் எழுதி 1982ல லண்டன்ல அரங்கேறினது. 1992ல சினிமாவாவும் வந்துச்சு. போன வாரம்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

ஊர் ஊராப் போய் நாடகம் போடுற ஒரு கம்பெனி. நாடகத்துல முதல் அங்கம் ஒத்திகை. இரண்டாவது அங்கத்துல செட்டை அப்படியே திருப்பி வெச்சுடறாங்க. நாம மேடைக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறோம். முன்பக்கம் நாடகம் ஓடிக்கிட்டு இருக்கு. பின்பக்கம் நடிகர்களுக்குள்ள காதல், பொறாமை, சரக்கு பாட்டிலை ஒளிச்சு வைக்கிறது, கோடாரியைத் தூக்கிக்கிட்டு அடிக்க வர்றதுன்னு ஒரே ரகளை. சத்தம் போட்டா முன்னாடி கேட்டுடும். அதனால எல்லாமே ஊமைச் சண்டை! மூணாவது அங்கத்துல மறுபடி முன்பக்கம். இப்போ பின்னாடி இருந்த குழப்பம் மொத்தமும் மேடைக்கு வந்து, நாடகம் சின்னாபின்னமாகுது.

ஃப்ரெய்னுக்கு இந்த ஐடியா வந்தது 1970ல. தான் எழுதின ஒரு நாடகத்தை மேடை ஓரத்துல நின்னு பார்த்திருக்கார். முன்னாடி இருந்து பார்க்கிறதை விட பின்னாடி இருந்து பார்த்தா இன்னும் சிரிப்பா இருக்கேன்னு தோணியிருக்கு. அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டார்.

சிரிச்சு வயிறு வலிச்சது உண்மை. ஆனா படம் முடிஞ்சதும் ஒரு கேள்வி. பின்பக்கத்தைப் பார்த்துட்டா முன்பக்கம் செத்துப் போயிடுமா? வெள்ளைக்காரர் நாடகத்துல செத்துப் போகுது. அங்கே சிரிப்பே அதுலதான் இருக்கு. நம்ம ஊர்ல அப்படி இல்லைங்கிறது என் கட்சி. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல சினிமா. நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பின்பக்கக் கலாட்டா புதுசு இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துல ஜில் ஜில் ரமாமணியை மறக்க முடியுமா? கொட்டகை நாடகக்காரியா மனோரமா வந்து நின்னா, அந்தப் பேச்சு, அந்த நடை, அந்த வெகுளித்தனம் எல்லாம் நடிப்பு மாதிரியே தெரியாது. ஏன்னா மனோரமாவே நாடக மேடையில இருந்து வந்தவங்க. சிவாஜி சின்னப் பையனா இருக்கும்போதே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையோட நாடகக் கம்பெனியில சேர்ந்தவர். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில வளர்ந்தவர். தவில்காரரா வர்ற பாலையாவும் கம்பெனி நாடகத்து ஆள்தான். சாமான் மூட்டையோட ஊர் ஊராத் திரிஞ்சவங்க சேர்ந்து, ஊர் ஊராத் திரியறவங்களைப் பத்தி எடுத்த படம். அதனாலதான் அந்தச் சிரிப்புல இளக்காரமே இருக்காது.

'கரகாட்டக்காரன்' (1989) இன்னொரு உதாரணம். வாழைப்பழமும் காரும் இல்லாம அந்தப் படத்தை யாராவது ஞாபகம் வெச்சிருக்கோமா? ரெண்டுமே ஆட்டம் நடக்கிற நேரத்துல வர்ற காமெடி இல்லை. ஒரு செட்டு, நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவுல சும்மா கிடக்கிற நேரத்துல நடக்கிறது. கவுண்டமணியும் நாடக மேடை வழியா வந்தவர்தான்.

மதுரை, புதுக்கோட்டை பக்கம் நடக்கிற ஸ்பெஷல் நாடகம் இன்னும் ஒரு படி மேல. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேற ஊர். தனித்தனியா புக் பண்ணுவாங்க. ஒத்திகைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ராத்திரி வந்து சேர்ந்து, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திட்டு, காலையில ஆளுக்கொரு பஸ் பிடிச்சுப் போயிடுவாங்க. ஃப்ரெய்னோட முதல் அங்கமே இங்கே தேவைப்படாது :-)

இனி கூத்துக்கு வருவோம். நம்ம வட மாவட்டங்கள்ல விடிய விடிய நடக்கிற தெருக்கூத்து. (கட்டைக்கூத்துன்னுதான் சொல்லணும்னு பெருங்கட்டூர் ராஜகோபால் ரொம்ப காலமா வாதாடுறார். கிரீடம், புஜக்கட்டைன்னு கட்டையில செஞ்ச அணிகளைக் கட்டிக்கிட்டு ஆடுறதால அந்தப் பேர். ஜனங்க வாய்ல ரெண்டும் இருக்கு, நான் பொதுவா கூத்துன்னே எழுதறேன்.)

கூத்துல கட்டியக்காரன்னு ஒருத்தர் இருக்கார். முதல்ல அவர்தான் வருவார், ஆடுவார், பாடுவார். ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. திரைக்குப் பின்னாடி ராஜா வேஷம் நிக்கும். "யாருய்யா அது, எந்த ஊரு?"ன்னு கட்டியக்காரன் கேட்பார். ராஜா தன் பெருமையைப் பாட்டா சொல்லிக்கிட்டே வெளியே வருவார். அப்புறம் கட்டியக்காரன்தான் சேவகன், தூதன், தேவைப்பட்டா தோழிப் பொண்ணும் அவரே. நடுவுல யாராவது பத்து ரூபா அன்பளிப்பு கொடுத்தா அதையும் சபையில சொல்லணும். அஸ்தினாபுரத்துல சூதாட்டம் உச்சத்துல இருக்கும், அப்போ டீக்கடைக்காரர் பேர் வரும். யாருக்கும் உறுத்தாது.

எல்லாத்துக்கும் மேல, உள்ளே வேஷம் முடியற வரைக்கும் கூட்டத்தைப் பிடிச்சு வைக்கிறது அவர் வேலை. அரிதாரம் பூசி, கட்டை கட்டி முடிக்க மணிக்கணக்கா ஆகும். அவங்கவங்க முகத்துக்கு அவங்கவங்களே வரைஞ்சுக்கணும். அதுவரைக்கும் சபையைத் தாங்குறது இவர் ஒருத்தர் வாய்தான்.

இதை நான் நல்லா உணர்ந்தது ஜமுனாமரத்தூர்ப் பக்கம். ஜவ்வாது மலை மேல இருக்கிற ஊர். போளூர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். பலாவுக்கும் தேனுக்கும் சாமைக்கும் பேர் போன மலை. அங்கே ஒரு சின்ன மலையூர்ல அம்மன் திருவிழா. கீழே சமவெளியில இருந்து ஒரு ஜமாவைத் தாம்பூலம் வெச்சுக் கூப்பிட்டிருந்தாங்க. அன்னைக்குத் திரௌபதி வஸ்திராபரணம்.

ஆளுங்க சாயந்திர பஸ்ல வந்து சேர்ந்துட்டாங்க. வேஷப் பெட்டி வரலை. பெட்டியை ஏத்திக்கிட்டு வந்த வண்டி மலைப்பாதையில நின்னு போச்சு. மணி பத்தரை. தரையில சாக்கு விரிச்சு, பிள்ளை குட்டியோட, போர்வை போர்த்திக்கிட்டு ஊரே உட்கார்ந்திருக்கு. கொட்டாய்க்குள்ள துரியோதனன் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிட்டு, கட்டிக்கக் கட்டை இல்லாம கைலியோட உட்கார்ந்திருக்கார்.

கட்டியக்காரர் வெளியே வந்தார். அன்னைக்கு அவர் கதையே சொல்லலை. உள்ளே நடக்கிறதைத்தான் சொன்னார்.

"மகாராஜா சபைக்கு வந்துக்கினே இருக்காருங்க. இப்போ மூணாவது வளைவாண்ட நிக்கிறாரு. ரதத்துக்கு டீசல் ஊத்தணுமாம்."

கூட்டம் சிரிக்குது. திரும்பிக் கொட்டாயை எட்டிப் பார்த்துட்டு வர்றார். "திரௌபதி அம்மாவைப் பார்த்தேன். பீடி புடிச்சிக்கினு இருக்காங்க. தொந்தரவு பண்ணாதடான்னாங்க." உள்ளே இருந்து நிஜமாவே இருமல் சத்தம் வருது! "தர்மராஜா பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை பாக்கின்னு கண்டக்டரைத் தேடிக்கினு இருக்காரு. சூதாட்டத்துக்கு முன்னாடியே தோத்துட்டாரு பாவம்." ஆர்மோனியக்காரர் சிரிப்பு தாங்காம வாசிப்பை விட்டுட்டார். அதுக்கும் அவருக்கு ஒரு திட்டு விழுந்தது.

ஒன்றரை மணி நேரம். ஒரு ஆள். ஒரு மத்தளம், ஒரு ஆர்மோனியம், ஒரு முகவீணை. என் பக்கத்துல இருந்த ஆயா சிரிச்சுச் சிரிச்சு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. பன்னிரண்டரைக்குத் திரை பிடிச்சாங்க. துரியோதனன் வந்தார். கைலியோட உட்கார்ந்திருந்த அதே ஆள்தான். சின்னப் பசங்க பயந்து அம்மா மடியில ஒளிஞ்சுக்கிட்டாங்க.

விடியற்காலை நாலு மணி இருக்கும். துகில் உரியற கட்டம். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தினாங்க. அவர் திரௌபதியைக் கும்பிட்டுட்டுத்தான் தொட்டார். திரௌபதி கிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கதறுது. அதே பீடி, அதே இருமல் திரௌபதிதான். அந்த ஆயா மறுபடி முந்தானையால கண்ணைத் துடைக்குது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. எழுந்து நின்னு கும்பிடுது.

இதைத்தான் சொல்ல வந்தேன். உள்ளே நடக்கிற அலங்கோலம் மொத்தமும் அந்தச் சனத்துக்குத் தெரியும். பெட்டி வராதது தெரியும். திரௌபதி ஒரு ஆம்பளை, பீடி பிடிக்கிற ஆம்பளைன்னு தெரியும். தெரிஞ்சேதான் கும்பிடுறாங்க. பின்பக்கத்தை மறைச்சாதான் முன்பக்கத்தை நம்புவாங்கன்னு ஒரு கணக்கு இருக்கே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. நடுராத்திரியில சேர்ந்து சிரிச்ச சிரிப்புல ஆடுறவங்களும் பார்க்கிறவங்களும் ஒரே வீட்டு ஆள் ஆயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நாலு மணி அழுகை. அந்தச் சிரிப்பு இல்லைன்னா அழுகை அவ்வளவு ஆழமா இறங்கியிருக்காதுன்னு நான் நம்பறேன்.

சரி, காலையில என்ன நடந்தது தெரியுமா? விழாக்காரங்க கணக்குப் பார்த்தாங்க. பத்தரைக்கு ஆரம்பிக்க வேண்டிய கூத்து பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னு சொல்லி, பேசின தொகையில பிடிச்சுக்கிட்டாங்க. ராத்திரி முன் வரிசையில உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிச்ச அதே மனுஷங்க! வாத்தியார் ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்துட்டு வாங்கிக்கிட்டார். அடுத்த ராத்திரி வேற ஊர்ல கூத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

எனக்கு ஆறவே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் கூத்து இல்லையா? அதுதாங்க அன்னைக்குப் பார்த்ததுலயே கஷ்டமான கூத்து. மனப்பாடம் பண்ணின பாட்டு இல்லை, தெரிஞ்ச கதை இல்லை, கையில இருந்த கஷ்டத்தையே வேடிக்கையாக்கின வித்தை. அதை 'லேட்டு'ன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டாங்க.

அந்த ஊர்க்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம நகரத்து விழாக்கள்லயும் இதே கதைதான், என்ன, கொஞ்சம் மரியாதையான பாஷையில. "நம்ம பாரம்பரியக் கலை"ன்னு மைக்குல முழங்கிட்டு நாற்பது நிமிஷம் கொடுப்பாங்க. நாற்பது நிமிஷத்துல எதை வெட்டறது? கதையை வெட்ட முடியாது. ஆட்டத்தை வெட்ட முடியாது, அதுதான் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும். கட்டியக்காரனைத்தான் வெட்டுவாங்க. கூத்து அப்போ கலர் கலரா ஒரு காட்சிப் பொருள் ஆயிடுது. பார்த்துட்டுக் கை தட்டலாம். ஆயா மாதிரி எழுந்து நின்னு கும்பிட வராது.

நகரத்துலயே கூத்தைச் சரியா மதிச்சவங்க இல்லாம இல்லை. ந. முத்துசாமி 1977ல கூத்துப்பட்டறை தொடங்கினதுக்கு இதே திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கூத்துதான் பெரிய தூண்டுதல். கூத்துல இருந்து கத்துக்க இருக்குன்னு அவர் போனார். நாம கூத்தை நம்ம மேடை அளவுக்கு வெட்டறோம். வித்தியாசம் அங்கேதான்.

"ராத்திரி முழுக்க யாருப்பா உட்காருவா? ஆடுறவங்களுக்கும் உடம்பு வேணாமா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஜமாவுல ஒருத்தரே என்கிட்ட சொன்னார், "ரெண்டு மணி நேரம்னா இடுப்பு பொழைக்கும் சார்"னு. திருவிழா மாசங்கள்ல ராத்திரிக்கு ஒரு ஊர், தூக்கம் பஸ்ல. சீசன் முடிஞ்சா நிலத்து வேலை, கூலி வேலை. வண்டி நின்னு போனதுல நமக்குக் காமெடி, அவங்களுக்கு அது அரைநாள் சோறு. அதனால கஷ்டத்தைக் கலைன்னு கொண்டாடிட்டு நகர்ந்து போறது எனக்கும் பிடிக்காது. நேரத்தைக் குறைங்க, தப்பே இல்லை. கட்டியக்காரனைக் குறைக்காதீங்க. அவ்வளவுதான்.

உங்க ஊர்லயோ, சங்கத்துலயோ, ஆபீஸ் விழாவுலயோ கூத்து விடப் போறீங்கன்னா மூணே மூணு விஷயம் பார்த்துக்கோங்க மக்களே:

ஒண்ணு, வண்டி வாடகையைச் சம்பளத்துல சேர்க்காம தனியாக் கொடுங்க, முன்கூட்டியே கொடுங்க. நல்ல வண்டியில பெட்டி ஏறினாலே பாதி ரகளை தீர்ந்துடும்.

ரெண்டு, வேஷம் கட்டுற கொட்டாயை எங்கேயோ கட்டடத்துக்குள்ள ஒதுக்காம சபைக்குப் பக்கத்துலயே போடுங்க. பசங்க எட்டிப் பார்க்கட்டும். கூத்து அங்கேயே ஆரம்பிச்சுடும்.

மூணு, கூத்து எப்போ ஆரம்பிச்சதுன்னு கணக்குப் போடும்போது, ராஜா வந்த நேரத்தைப் போடாதீங்க. கட்டியக்காரன் வந்த நேரத்தைப் போடுங்க.

டிஸ்கி: கட்டியக்காரர் அந்த ஒன்றரை மணி நேரத்துல என்னையும் விட்டு வைக்கலை. "நோட்டு வெச்சுக்கினு குந்திக்கினு இருக்காரே, அவரு எமதர்மராஜா ஆபீஸ் கணக்கப்பிள்ளை"ன்னார். உங்க ஊர்க் கட்டியக்காரன் உங்களை என்ன சொன்னார்னு எழுதுங்க, படிக்கிறேன் :-)