எல்லை தாண்டும் முதுகுவலி

மூணாறு தோட்டங்களில் ஒருவருக்கு ஜவ்வு விலகி நடக்க முடியாமல் போனால், குடும்பம் பெரும்பாலும் கிழக்கே பார்க்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் தேனி, அதற்கப்பால் மதுரை. பாலக்காட்டுக்காரர்களுக்கு வாளையாறு தாண்டினால் கோவை. முதுகெலும்புச் சிகிச்சைக்கு உலக அளவில் பெயர் பெற்ற, 1978இல் தொடங்கிய கங்கா ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. வெளிநாட்டவர் விமானம் ஏறித் தேடி வரும் ஆபரேஷன் இவர்களுக்கு பஸ் தூரத்தில் கிடைக்கிறது. ஆனாலும் ஊரை விட்டுப் போய்ச் செய்துகொள்வதில் உள்ள ஆபத்துகள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முதல் கேள்வி, ஆபரேஷன் இப்போதே தேவையா என்பது. ஜவ்வு விலகலால் காலில் இறங்கும் வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அவர்களுக்குச் சமமாகவே தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்குப் பின்னர் கத்தி வைக்க வேண்டிவந்தது என்பதும் உண்மை.

விதிவிலக்கு உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது ஆகியவை அவசர அறிகுறிகள். அப்போது பெயர் பெற்ற ஆஸ்பத்திரியைத் தேடி அலையக் கூடாது. வசதியுள்ள மிக அருகிலுள்ள இடமே சரி.

இரண்டாவது, திரும்பி வந்த பின் என்ன என்பது. புண்ணில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் சில நாள், சில வாரம் கழித்தே தெரியும். அதற்குள் நோயாளி மலைமேல் லயத்து வீட்டில் இருப்பார். டாக்டர் மலைக்குக் கீழே. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

எல்லையே மூடிக்கொள்ளவும் கூடும். 2020 மார்ச்சில் கர்நாடகம் தலப்பாடி சாலையை அடைத்தபோது, மங்களூரை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் நடுவழியில் நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பணத்திலும் எல்லைக்கோடு உண்டு. தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு குடும்ப அட்டைக்காரர்களுக்கானது. கேரளத்தின் காருண்யா திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அந்த அட்டையை எல்லைக்கு அப்பாலுள்ள ஆஸ்பத்திரி ஏற்குமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தையல் பிரிப்பதும் புண்ணைப் பார்ப்பதும் யார் பொறுப்பு என்று ஊர் டாக்டரிடம் முதலிலேயே பேசி வைப்பது நல்லது. ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு, உள்ளே திருகு வைத்திருந்தால் அதன் விவரம் எல்லாம் கையோடு வர வேண்டும். கொழுந்து மூட்டையை மறுபடி எப்போது தூக்கலாம் என்ற கேள்வியையும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். தினக்கூலிக் குடும்பம் அதுவரை எதைக் கொண்டு சாப்பிடும் என்ற கணக்கு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.