ஊமையன் இல்லை, அவனுக்குப் பெயர் இருக்கு

ஸ்பிரிங்வெளி லயத்தில் காது கேட்காத ஒரு பிள்ளை இருந்தால், அதன் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. "ஊமையன்", "ஊமைச்சி", அவ்வளவுதான். நாங்களும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். அதனால் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. எங்களையே கேட்டுக்கொள்கிறோம்.

சதீஷ் குஜ்ரால் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? 1925இல் பிறந்தவர். எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்தார். ஆனாலும் லாகூரிலும் பம்பாயிலும் ஓவியம் படித்தார். 1952இல் புலமைப்பரிசில் பெற்று மெக்சிகோ போனார். அங்கே ரிவேரா, சிகேரோஸ் போன்றவர்கள் தங்கள் மண்ணின் பூர்வகுடிகளையும் உழைப்பாளிகளையும் பொதுக் கட்டடச் சுவர்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குஜ்ரால் அதைக் கண்ணால் கற்றார். பிரிவினையின் வலியை வரைந்தார், சிற்பம் செய்தார், டெல்லியில் பெல்ஜியத் தூதரகத்தையே வடிவமைத்தார்.

அவருக்கும் முன்னால் ஸ்பெயினில் கோயா. நோயில் காது போன பிறகுதான் 1799இல் 80 அச்சு ஓவியங்களை ஒரே தொகுப்பாக வெளியிட்டார்.

அச்சு ஓவியத்தை நாங்கள் சும்மா இழுக்கவில்லை. ஒரு லினோ துண்டு, செதுக்க ஒரு கூர் உளி, கொஞ்சம் மை, அழுத்தித் தேய்க்க ஒரு கரண்டி போதும். செதுக்கியது இடவலம் மாறி விழும். அதைப் பழகிக்கொண்டால் சரி. ஓர் ஓவியம் ஒரு சுவருக்குத்தான் போகும். அச்சு எடுத்தால் லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு படம் போகும்.

இன்னொன்றும் சொல்லணும். பூர்வகுடிப் பண்பாட்டைப் பார்க்க மெக்சிகோ வரை போகத் தேவையில்லை. நம்ம பதுளை மாவட்டத்திலேயே தம்பானையில் ஆதிவாசிகள் இருக்கிறார்கள். 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது அவர்களின் வேட்டைக்காடு கைவிட்டுப் போனது. அதை விட்டுவிட்டு வில்லையும் கோடரியையும் மட்டும் செதுக்கினால் அது சுற்றுலா அட்டைதான். இது நமக்குப் புரியாத விஷயமா? தேயிலைப் பெட்டியில் கூடையோடு சிரிக்கும் அந்தப் பெண்ணை வரைந்தவர்கள் நம்ம அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

காது கேட்காத பிள்ளையின் கதையும் இதேதான். எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அதைச் சொல்ல விடுவதில்லை. தமிழில் படிக்க கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங்வெளியிலிருந்து அது தீவின் மறுமுனை. எத்தனை அம்மா அப்பாவால் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியும்? பக்கத்திலேயே சைகைமொழி தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது நம் எல்லாருடைய வேலை.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று இருக்கு. பக்கத்து லயத்துப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்வோம். பரிதாபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, லினோவும் உளியும் கொண்டுபோவோம். நமுனுகுல மலையும் பிரட்டுக்களமும் அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதென்று அது செதுக்கிக் காட்டட்டும்.